கிரயம் பண்ணிக் கொடுத்த கட்டுரை

புஷ்பவனம் கடற்கரையிலிருந்து மேற்கே நடந்தால் மணல்மேட்டுக்குப் பின்னால் ஒரு முல்லைக் கொல்லை வரும். அதன் நடுவில் பன்னிரண்டு அடி ஆழத்தில் ஒரு கிணறு. கஜா புயல் அடித்த மறு ஆண்டு, 2019-இல், என் முனைவர் பட்ட ஆய்வுக்காக முதல்முறை அந்தக் கிணற்றடியில் போய் நின்றேன். அதன்பிறகு இரண்டு ஆண்டுகள், மாதம் ஒரு தடவை. வேதாரண்யத்துக்கு வடக்கே இப்படி 26 கிணறுகள் என் கணக்கில் இருந்தன. நாடாவை இறக்கி நீர்மட்டம் பார்ப்பேன், மீட்டரை முக்கி உப்பு பார்ப்பேன், பாட்டிலில் பிடித்துக்கொள்வேன். கொல்லைக்காரப் பெரியவர் என் மீட்டருக்காகக் காத்திருக்க மாட்டார். உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்தி நாக்கில் வைத்து, "போன மாசத்துக்கு ஒரு கல்லு கூடம்மா" என்பார். மீட்டரும் பெரும்பாலும் அதையேதான் சொல்லும். 2020-இல் ஊரடங்கு வந்து மூன்று மாதம் நான் போக முடியவில்லை. பழையபடி போனபோது திண்ணையில் மூன்று பாட்டில்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் தேதி எழுதிய காகிதம், ரப்பர் பேண்ட் போட்டு. நான் கேட்காமலே எடுத்து வைத்திருந்தார். என் ஆய்வேட்டில் அந்தக் கிணற்றுக்கு மட்டும்தான் இடைவெளி இல்லாத வரைகோடு இருக்கிறது.

அந்த ஆய்விலிருந்து 2021-இல் ஒரு கட்டுரை, வெளிநாட்டு ஜர்னல் ஒன்றில், 14 பக்கம் வந்தது. சொன்ன விஷயம் சிக்கலானது இல்லை. அந்தக் கரையில் மணலுக்கடியில் இருக்கும் நல்ல தண்ணீர், கடல் தண்ணீரின் மேல் மிதக்கிற ஒரு படலம். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உப்பை அழுத்தி வைத்திருக்கும் என்பது நிலத்தடிநீர் படிக்கும் எல்லோரும் முதல் ஆண்டிலேயே பார்க்கிற கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும். ஆழ்துளை போட்டு உறிஞ்சுகிற இடத்தில் எப்படி ஏறுகிறது, மேலாக இறைக்கிற கிணற்றில் எப்படித் தாங்குகிறது என்பதை 26 கிணறுகளை வைத்துக் காட்டியிருந்தோம்.

2024 சனவரியில் கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் ஒரு படம்: வாளிக் கயிற்றைப் பிடித்திருக்கும் இரண்டு கைகள், கீழே கிணற்று உறையில் வெள்ளையாக உப்புப் பூத்த வளையம். "இது என் கைதானே" என்று விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "இத அப்படியே தமிழ்ல எழுதிக் குடும்மா. மே ஒண்ணாந்தேதி கிராம சபையில படிக்கணும். நாங்க சொன்னா வாய்ப்பேச்சுங்கறாங்க" என்றார். சரி என்றேன். அந்தச் சம்மதம் எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதை எழுதத்தான் இந்தப் பதிவு.

இரண்டு வாரத்தில் மொழிபெயர்த்து முடித்தேன். நண்பர் ஒருவர் சிறிய பதிப்பகம் வைத்திருக்கிறார். 300 பிரதி போட்டுத் தருகிறேன் என்றார். பிரதியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டு, "மொழிபெயர்ப்பு உரிமைக் கடிதம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். "யார்கிட்ட வாங்கணும், எழுதினதே நான்தானே" என்றேன். "எழுதினது நீங்க. உரிமை யார்கிட்ட இருக்குன்னு பாருங்க, மேடம்" என்றார்.

அன்றிரவு நான் டிக் செய்த கட்டம்

பார்த்தேன். என் மின்னஞ்சலிலேயே இருந்தது. பேப்பர் அக்செப்ட் ஆன மறுநாள் இரவு பதினொன்றரை மணிக்கு நான் நிரப்பி அனுப்பிய பதிப்புரிமை மாற்றப் படிவம். நான்தான் கரஸ்பாண்டிங் ஆத்தர், அதாவது எல்லோர் சார்பிலும் ஜர்னலோடு கடிதப் போக்குவரத்து வைத்துக்கொள்பவள். மற்ற இருவர், என் கைடும் ஆய்வகத்தில் உடனிருந்த ஒருவரும், அந்தப் படிவத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. 'உடன் எழுதியோர் அனைவர் சார்பிலும்' என்ற வரிக்கு எதிரே நானே டிக் போட்டிருக்கிறேன். அந்த இரவு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள ஜர்னலில் பேப்பர் வேண்டும், இடையில் எதுவும் தவறிவிடக் கூடாது என்கிற பதற்றம். 48 மணி நேரத்துக்குள் படிவம் வராவிட்டால் அச்சு தாமதமாகும் என்று கடிதத்தில் இருந்தது. நான் ஐந்து நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். கட்டுரையின் முழுப் பதிப்புரிமையும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதற்கும், எல்லா மொழிகளிலும், இன்று இருக்கிற ஊடகத்திலும் இனி வரப்போகிற ஊடகத்திலும், பதிப்பாளருக்கு. படங்களும் அட்டவணைகளும் அதில் அடக்கம். தகராறு வந்தால் இங்கிலாந்துச் சட்டம். பதிலுக்கு எனக்குத் தரப்பட்டவை: வகுப்பில் என் மாணவர்களுக்குக் கொடுக்கலாம், ஆய்வேட்டில் சேர்க்கலாம், நானே ஒரு நூல் எழுதினால் மேற்கோளோடு பயன்படுத்தலாம். மொழிபெயர்த்து வெளியிடலாம் என்று ஒரு சொல் இல்லை.

காலம் முழுவதற்கும் என்றால் எத்தனை காலம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள். பலர் சேர்ந்து எழுதியதென்றால் கடைசியாக இறப்பவரிலிருந்து. இங்கிலாந்தில் அது 70 ஆண்டுகள். மூவரில் நான்தான் இளையவள். கணக்குப் போட்ட 2024-இல் எனக்கு வயது 36. எழுபத்தைந்து வரை இருந்தேன் என்றால்கூட, நம் கணக்கிலேயே 2123 வரை அந்தக் கட்டுரை இன்னொருவருடையது. அதற்குள் அந்தக் கரை எங்கே இருக்கும் என்றே தெரியாது.

பதிப்பாளரின் உரிமப் பக்கத்துக்குப் போய் விண்ணப்பம் போட்டேன். நீங்கள்தான் ஆசிரியரா என்று கேட்டது. ஆம். எவ்வகைப் பயன்பாடு? மொழிபெயர்ப்பு. எத்தனை பிரதி? 300. எந்த மொழி? கீழே விழும் பட்டியலில் தேடித் தமிழைத் தொட்டேன். விலை வரவில்லை, எங்கள் அலுவலகம் தொடர்புகொள்ளும் என்று வந்தது. மூன்று வாரம் கழித்து வந்த பதிலில் இருந்த தொகை, 300 பிரதி அச்சடிக்க ஆகும் செலவைப்போல இரண்டு மடங்கு. ஒரு பதிப்புக்கு மட்டும், இணையத்தில் ஏற்றக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. மரியாதையான கடிதம்தான். எழுதியவருக்கும் அது அன்றைய வேலைகளில் ஒன்று. அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் எல்லாம் அந்த ஏற்பாட்டின் மேல்தான்.

பெரியவர் கேட்ட கேள்வி

மார்ச் கடைசியில் அவரிடம் போய், மே மாதத்துக்குள் முடியாது போலிருக்கிறது என்றேன். காரணம் கேட்டார். எனக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நாங்கள் எழுதுகிற கட்டுரையை ஒரு கம்பெனிக்குக் கொடுப்போம், அவர்கள் போடுவார்கள், போட்டபிறகு அது அவர்களுக்குச் சொந்தம் என்றேன்.

"காசு எவ்வளவு குடுத்தாங்க?"

"காசெல்லாம் தர மாட்டாங்க, பெரியப்பா."

"பின்ன?"

"போடுறதுதான் அவங்க செய்யுறது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. களைக்கொட்டை எடுத்து மண்ணைக் கொத்திக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, "ஏம்மா, குத்தகைக்கு விட வேண்டியத கிரயம் பண்ணிக் குடுத்துட்டியா?" என்றார்.

பதிப்புரிமை பற்றி அதற்குப் பிறகு நான் படித்த எதுவும் இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. அந்தப் பக்கம் பெரியகுத்தகை என்று ஊருக்கே பெயர் இருக்கிறது. யார் உழுகிறார், யார் பெயரில் பட்டா, எத்தனை வருஷத்துக்கு, என்ன வாரம் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளாமல் ஒரு குழி நிலம்கூட அங்கே கைமாறாது. ஒருவர் என் கட்டுரையை அச்சிட்டு விற்க வேண்டுமென்றால் அவருக்கு வேண்டியது வெளியிடுகிற அனுமதி. அது குத்தகை. சட்டத்தில் அதற்கு உரிமம் என்று பெயர், 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. உரிமத்தில் சொத்து என் பெயரிலேயே இருக்கும். நான் கையெழுத்துப் போட்டதோ 18, 19-ஆம் பிரிவுகளில் வரும் உரிமை மாற்றம். அது கிரயம். இரண்டும் வேறு வேறு என்பது எனக்குத் தெரியாது என்பதைவிட, வேறு வேறு என்று கேட்க வேண்டும் என்பதே பத்து ஆண்டு ஆய்வுப் படிப்பில் ஒருவரும் எனக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ஆய்வு நெறிமுறை என்று ஒரு தாள் முழுக்கப் படித்திருக்கிறேன். களவு பற்றி, மேற்கோள் முறை பற்றி எல்லாம் உண்டு. படிவம் பற்றி ஒரு பாராவும் கிடையாது.

19-ஆம் பிரிவைப் படித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மாற்றிக் கொடுக்கும் ஆவணத்தில் கால அளவு சொல்லப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றுதான் கொள்ள வேண்டும். எந்த நாட்டுக்கு என்று சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். அதாவது எழுதுகிறவர் பேசாமல் இருந்தால் சட்டம் அவருக்காகக் கொஞ்சமாவது பேசுகிறது. அதனால்தான் அந்தப் படிவங்களில் 'காலம் முழுவதற்கும்', 'உலகம் முழுவதற்கும்' என்ற சொற்கள் ஒருபோதும் விட்டுப்போவதில்லை. சட்டம் எனக்குக் கொடுத்திருந்த அந்தச் சின்னப் பாதுகாப்பையும் நான் டிக் போட்டுத் தள்ளிவிட்டேன்.

இந்தப் படிவம் என்றும் இருந்ததில்லை. ஆய்வு ஜர்னல் என்ற ஒன்று 1665-இல் பாரிஸிலும் லண்டனிலும் தொடங்கியது. மூன்று நூற்றாண்டுக்கு மேல், கட்டுரை அனுப்பினால் அதுவே போடச் சொன்னதற்குச் சம்மதம் என்று பெரும்பாலும் ஓடியிருக்கிறது. 1976-இல் அமெரிக்கா புதிய பதிப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1978 சனவரி முதல் நடைமுறை. எழுதிய கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு, அதை மாற்ற வேண்டுமானால் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும் என்றது. எழுதுகிறவரைக் காக்க வந்த விதி அது. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் படிவம் பெரும்பாலான ஜர்னல்களுக்கு வழக்கமானது.

அந்த இன்னொரு கட்டம்

எனக்கு எல்லாம் தலைகீழாகிப்போன இடம் இதுதான். பெரியவர் சொன்னதைக் கேட்டு வந்த இரவு அதே படிவத்தை மறுபடி எடுத்தேன். நான் டிக் போட்ட கட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வேறொரு கட்டம் இருந்தது. எழுதியவர்கள் அனைவரும் அமெரிக்க அரசு ஊழியர்கள் என்றால் இங்கே டிக் செய்க. அதற்கும் கீழே பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுக்கு ஒன்று. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் ஊழியர் தம் பணியில் எழுதுவதற்கு அந்த நாட்டில் பதிப்புரிமையே கிடையாது; அது பொதுச்சொத்து. பிரிட்டனில் அது அரசுக்குரியது. இரண்டு பேராலும் மாற்றிக் கொடுக்க முடியாது. முடியாது என்று தெரிந்தே ஜர்னல் அவர்களுக்குத் தனிக் கட்டம் வைத்திருக்கிறது, அவர்கள் கட்டுரையையும் அதே அச்சில், அதே இதழில், எங்கள் கட்டுரைக்குப் பக்கத்தில் போடுகிறது.

எவ்வளவு நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல முடியாது. உரிமையை எழுதி வாங்காவிட்டால் வெளியிடவே முடியாது, திருட்டைத் தடுக்க முடியாது, ஆவணமாகப் பாதுகாக்க முடியாது என்றெல்லாம் சொல்லப்படுகிற காரணங்கள் எல்லாம் அந்த இரண்டு அங்குலத்தில் பொய்யாகிப் போயின. வெளியிட உரிமை மாற்றம் தேவையில்லை. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்பதால் கேட்கிறார்கள். வேதாரண்யத்துக் கிணற்றை அளந்தவள் கொடுக்க வேண்டும், அமெரிக்க அரசு ஆய்வகத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டாம்.

என் கைடுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். நூறு கட்டுரைக்கு மேல் எழுதியவர். "சார், நீங்க அந்த ஃபார்ம் என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "இல்லம்மா. முன்னாடியெல்லாம் தபால்ல வரும். டைப்பிஸ்ட் பூர்த்தி பண்ணி வைப்பார், கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவேன். பேப்பர் வந்துடுச்சுங்கற சந்தோஷத்துல யாரு படிப்பா?" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "உனக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை எண்ணித்தான் அந்தப் படிவம் அந்த நேரத்தில் அனுப்பப்படுகிறது என்று நினைக்கிறேன்.

சட்டத்தில் இதற்கு வேறு வழி இருக்கிறதா என்றும் தேடினேன். 32-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு நூலோ கட்டுரையோ முதலில் வெளியாகி ஏழு ஆண்டுகள் ஆன பிறகு, உரிமையாளர் மறுத்தால், அதை மொழிபெயர்த்து வெளியிட யார் வேண்டுமானாலும் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டார் எழுதியது, கல்விக்கோ ஆய்வுக்கோ வேண்டும் என்றால் மூன்று ஆண்டு போதும். வளர்ந்த நாடுகளில் பொதுவழக்கில் இல்லாத மொழி என்றால் ஒரே ஆண்டு. நான் இந்தியக் குடிமகள், ஆகவே என் கட்டுரை சட்டப்படி இந்தியப் படைப்பு, ஆகவே எனக்கு ஏழு ஆண்டு. என் கட்டுரையை என் தாய்மொழியில் சொல்ல, 2028-இல், 'யாரோ ஒருவர்' என்ற தகுதியில் நான் விண்ணப்பிக்கலாம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

உரிமை போனால் வாயும் போகும்

ஒரு மொழிபெயர்ப்புக்காக இவ்வளவு பேச வேண்டுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மொழிபெயர்ப்போடு போவதில்லை. சொத்து யாருடையதோ அவர்தான் அதன் பேரில் முடிவெடுப்பார். டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் வழக்கு பலருக்கு நினைவிருக்கும். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள், பாடத் தொகுப்புகளை நகலெடுத்ததற்காக ராமேஸ்வரி என்ற சிறிய ஜெராக்ஸ் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குப் போட்டன. வழக்கில் குறிப்பிடப்பட்ட நூல்களை எழுதியவர்கள் 33 பேர் உட்பட முந்நூறுக்கும் மேற்பட்ட கல்வியாளர்கள், இந்த வழக்கைத் திரும்பப் பெறுங்கள் என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அமர்த்தியா சென்னும் தனியாக வேண்டுகோள் வைத்தார். அவர்கள் எழுத்துக்காக என்று சொல்லி நடந்த வழக்கில் அவர்கள் சொல் எடுபடவில்லை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளியது, டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு கல்விக்கான நகலெடுப்பை ஏற்று, சில கேள்விகளை மட்டும் விசாரணைக்கு அனுப்பியது, 2017-இல் பதிப்பகங்களே வழக்கைக் கைவிட்டன. நல்ல முடிவுதான். ஆனால் அந்த ஐந்து ஆண்டு முழுவதும் எழுதியவர்கள் வாசலில்தான் நின்றார்கள்.

2024 மே மாதம் இன்னொரு செய்தி வந்தது. டெய்லர் அண்ட் பிரான்சிஸின் தாய் நிறுவனமான இன்ஃபார்மா, தன் ஆய்வுக் கட்டுரைகளையும் நூல்களையும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்காக மைக்ரோசாஃப்ட் பயன்படுத்திக்கொள்ள ஒப்பந்தம் செய்தது, தொடக்கத் தொகை ஒரு கோடி டாலர். எழுதியவர்கள் பலர் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். 'இனி வரப்போகிற ஊடகம்' என்று என் படிவத்தில் படித்தேனே, அது இதுதான். இயந்திரம் படிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. கேட்டிருந்தால் நானே சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். கேட்க வேண்டிய இடத்தில் நான் இல்லை என்பதுதான் விஷயம்.

யாரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையை வெளியிடுகிற திறந்த அணுக்கம் (ஓபன் அக்சஸ்) வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்கிறவர்களும் உண்டு. அதில் பாதி உண்மை. கட்டுரையைக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிம வகைகளில் ஒன்றான சிசி பை உரிமத்தில் வெளியிட்டால் பெயரைக் குறிப்பிட்டு யாரும் மொழிபெயர்க்கலாம். ஆனால் அப்படிப் போட பல ஜர்னல்கள் எழுதுகிறவரிடம் பணம் கேட்கின்றன. நேச்சர் இதழ் 2021-இல் இந்த வழியைத் திறந்தபோது அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. என்னைப் போன்ற கல்லூரி ஆசிரியரின் ஓராண்டுச் சம்பளத்தைத் தொடும். இலவசமாகப் படிக்கக் கிடைத்தாலும் உரிமத்தின் பெயரில் என்டி என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருந்தால் மாற்றி வெளியிடக் கூடாது என்று பொருள், மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். இன்னும் சில ஜர்னல்கள், பதிப்புரிமை உங்களுடையதுதான் என்று பெரிய எழுத்தில் சொல்லி, கீழே பிரத்தியேக உரிமம் என்று ஒன்றை வாங்கிக்கொள்கின்றன. பட்டா என் பெயரில், சாவி அவர்களிடம். இந்திய அரசு 6,000 கோடி ரூபாய்க்கு மூன்று ஆண்டுச் சந்தா கட்டி, ஒரே நாடு ஒரே சந்தா என்று 13,000 ஜர்னல்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கிறது. என் மாணவர்கள் இப்போது நிறையப் படிக்கிறார்கள், மனதாரச் சந்தோஷம். பெரியவர் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை.

மறுத்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் ஹார்வர்டின் கலை அறிவியல் துறை ஆசிரியர்கள் வாக்கெடுத்து, தாங்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஓர் உரிமத்தை முதலில் தங்கள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தார்கள். பிறகு பதிப்பாளர் என்ன வாங்கினாலும் அந்த முதல் உரிமத்துக்குப் பிறகுதான். ஐரோப்பிய நிதி நிறுவனங்களின் பிளான் எஸ் கூட்டணி 2020-இல், கட்டுரையை அனுப்பும்போதே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது: இதன் ஏற்கப்பட்ட கையெழுத்துப் படிக்குச் சிசி பை உரிமம் தரப்பட்டுள்ளது என்று. ஸ்பார்க் என்ற நூலகங்களின் கூட்டமைப்பு, எந்தெந்த உரிமை எழுதியவரிடமே இருக்கும் என்று சொல்லும் பிற்சேர்க்கைத் தாள் ஒன்றை எப்போதோ தயாரித்து வைத்திருக்கிறது. படிவத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியதுதான். எல்லாவற்றிலும் அடிப்படை ஒன்றே, படிவத்துக்கு முன்னால் பேசுவது. ஒரு தனி ஆள் பேசினால் பயம், துறையே பேசினால் பயம் குறையும். நம் பல்கலைக்கழகங்களில் ஒன்றாவது இதைத் தீர்மானமாகப் போட வேண்டும் என்று நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த படம்

கடைசியில் வழி தெரிந்தது பதிப்புரிமையின் முதல் பாடத்திலிருந்துதான். கருத்துக்கும் தகவலுக்கும் பதிப்புரிமை கிடையாது, சொன்ன விதத்துக்குத்தான் உண்டு, 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கமாகச் சொன்னது. 26 கிணறுகளின் உப்பளவு யாருடையதும் இல்லை. நல்ல தண்ணீர் உப்பின் மேல் மிதப்பதை யாரும் எழுதி வாங்க முடியாது. செய்து வைத்த மொழிபெயர்ப்பை அப்படியே ஒதுக்கிவிட்டு, கட்டுரையைத் திறக்காமல், களக் குறிப்பேடுகளை மட்டும் வைத்துக்கொண்டு முதலிலிருந்து தமிழில் எழுதினேன். எழுத எழுதத்தான் தெரிந்தது, அந்தக் கட்டுரையில் இல்லாத எவ்வளவோ குறிப்பேட்டில் இருந்தன. எந்தக் கிணறு எப்போது தூர்வாரப்பட்டது, யார் வீட்டு மாமரம் எந்த மாதம் கருகியது, 'ஒரு கல்லு கூட' என்று அவர் சொன்ன நாள்கள். வரைபடங்களைப் புதிதாக வரைந்தேன்.

புகைப்படம் ஒன்றுதான் நின்றது. கைகளும் உப்பு வளையமும் இருந்த அந்தப் படம் கட்டுரையோடு போய்விட்டது. அதைப் போடக் கூடாது. பழைய மெமரி கார்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அதே நாள், அதே நிமிடம், நான் இரண்டு தடவை அழுத்தியிருந்தேன். இரண்டாவது படம் எங்கும் வெளிவரவில்லை, படிவத்தில் அகப்படவில்லை. அதில் வாளி மேலே வந்துவிட்டது, உப்பு வளையம் பாதிதான் தெரிகிறது. ஆனால் அவர் முகம் இருக்கிறது, கொஞ்சம் தண்ணீரை நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். போடலாமா என்று அவரிடம் கேட்டேன். "என்னையா கேக்குற?" என்றார். உங்கள் முகம்தானே, உங்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன். "போடு" என்றார்.

மே முதல் தேதி தவறிவிட்டது. அக்டோபர் 2 கிராம சபைக்குப் புத்தகம் வந்தது, 32 பக்கம். 'உவர்நீர் ஊடுருவல்' என்று நான் எழுதியிருந்த இடத்தையெல்லாம் அச்சுக்கு முன்பே பெரியவரும் அவர் மருமகளும் படித்து அடித்திருந்தார்கள். 'உப்பு ஏறுறது' என்றே எல்லா இடத்திலும் வந்திருக்கிறது. மூன்று பாட்டில் பிடித்து வைத்த கதையோடு அவர் பெயர் முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின்னட்டையில் சிசி பை என்று போட்டு, யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம், வேறு மொழியில் கொண்டுபோகலாம் என்று தமிழில் விரித்து எழுதியிருக்கிறோம். ஆழ்துளைகள் பற்றிய தீர்மானம் அன்று நிறைவேறவில்லை. அடுத்த கூட்டத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

இப்போது அடுத்த பேப்பர் ஒன்று அக்செப்ட் ஆகியிருக்கிறது. படிவம் வந்தது, இந்த முறையும் 48 மணி நேரம் என்றுதான் இருந்தது. உடன் எழுதிய இருவரையும் உட்காரவைத்து மூவரும் சேர்ந்து படித்தோம். 'மாற்றித் தருகிறோம்' என்ற இடத்தை அடித்து 'வெளியிட உரிமம் தருகிறோம்' என்று எழுதினோம், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் மொழிபெயர்க்கும் உரிமை எழுதியவர்களிடமே இருக்கும் என்று ஒரு வரி சேர்த்தோம், மூவரும் கையெழுத்துப் போட்டோம். அனுப்பி பதினாறு நாளாகிறது. பதில் வரவில்லை. மூவரில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பேப்பரை வைத்துத்தான் ஆய்வேடு. பரவாயில்லை மேடம், காத்திருக்கலாம் என்கிறாள், ஆனால் தினமும் காலையில் முதல் வேலையாக மின்னஞ்சலைத் திறந்து பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை வரை பார்த்துவிட்டு ஜர்னல் ஆசிரியருக்கு நானே மறுபடி எழுதப் போகிறேன்.